மிச்சப் புத்தகங்களும் மலையகப் பிள்ளைகளும்

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் புத்தக அன்பளிப்பு வருவது புதிதன்று. தலைநகரிலிருந்து வருகின்றது, கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வருகின்றது. விழா எடுக்கிறார்கள், மாலை சூட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். விழா முடிந்தபின் பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது. கண்டதை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டம் மாறியதால் பயனிழந்த பாடநூல்கள்; விடைகள் எழுதி நிரப்பப்பட்ட பயிற்சி ஏடுகள்; எவரும் தேடாத பழைய ஆண்டறிக்கைகள்; பனி பொழியும் தேசத்துப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட ஆங்கிலச் சித்திரக் கதைகள். ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, தன் சொந்த மொழியில் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தக்க நூல் அந்தப் பெட்டியில் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதுவே பெரும்பேறு!

கொடுப்பவர் நெஞ்சை நாம் பழிக்கவில்லை. 'இல்லாத பிள்ளைக்கு எதுவும் போதும்' என்ற எண்ணத்தையே பழிக்கிறோம். தம் வீட்டுப் பிள்ளை கையாலும் தொடாது என்று தெரிந்த நூலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அனுப்புவதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டலாமா? அலுமாரியை ஒழித்துச் சுத்தம் செய்த வேலைக்கு அறத்தின் பெயரைக் கடன் கொடுக்க நாம் ஒப்போம்.

கொடையாளருள்ளும் இதனை அனுபவத்தால் உணர்ந்தவர் உண்டு. 'ரூம் டு ரீட்' என்னும் அமைப்பு 2000இல் தோன்றியபோது நேபாளத்துப் பாடசாலைகளுக்கு ஆங்கிலப் புத்தகங்களைச் சுமந்து சென்றது. பிள்ளைகளின் தாய்மொழியில் நூல் இல்லாமல் வாசிப்பு வளராது என்பது விரைவில் தெளிவாயிற்று. பின்னர் அது உள்ளூர் எழுத்தாளரையும் ஓவியரையும் கொண்டு உள்ளூர் மொழிகளிலேயே நூல்களை அச்சிடலாயிற்று. இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் அவ்வாறு வெளியிட்டது. அயலார் கண்டுகொண்ட உண்மையை நம்மவர் கண்டுகொள்ளத் தடை என்ன?

நூலின் அருமை அறியாத மண்ணா இது? செவிவழியே காக்கப்பட்ட பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதப்பெற்றது மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையில் என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப் படை அந்த விகாரையின் ஏட்டுச் செல்வத்தையும் விட்டுவைக்கவில்லை. அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிகள் தம்புள்ளை, நாலந்தை வழியே நடந்து மாத்தளையை அடைந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். வழியில் நோயாலும் பட்டினியாலும் விழுந்தவர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்களே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். மலரன்பன், வடிவேலன், சோமு முதலிய எழுத்தாளர்களை இந்த மலைச்சாரல் தந்திருக்கிறது. எழுதும் கை இங்கே உண்டு. வாசிக்கும் கண்ணும் உண்டு. இடையில் இருக்க வேண்டிய நூலகம் எங்கே?

இங்கேதான் கருணையின் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. நகரத்தில் மாநகர சபையும் நகர சபையும், கிராமத்தில் பிரதேச சபையும் அதனை நடத்துகின்றன. பிரதேச சபைகளைத் தோற்றுவித்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமோ, தன் 33ஆம் பிரிவினால் தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் சேவைக்கு வெளியே நிறுத்தியது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம். அந்தச் சபை அவர்கள் லயத்தருகே ஒரு வாசிகசாலை அமைக்க முனைந்தால் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. 31 ஆண்டுகள்! இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் கையில் புத்தகம் இல்லாமற் போனதற்கு அவர்தம் ஏழ்மை மட்டுமா காரணம்?

சட்டம் திருந்தியது, வரவுசெலவுத் திட்டம் திருந்திற்றா? நூல் வாங்கப் பணம் கேட்டால், 'யாரேனும் நன்கொடையாளரைப் பிடியுங்கள்' என்று விடை கூறுவோர் இன்றும் உளர். அன்பளிப்புப் பெட்டி அவர்களுக்கு நல்ல கேடயம். பெட்டி வந்தவுடன் குறை தீர்ந்ததாகக் கணக்கு முடிகிறது.

நன்கொடையின் பெருமை பேசுவோர் கார்னகியைக் காட்டுவார்கள். அவர் செல்வத்தால் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன என்பது மெய். அவருடைய உருக்காலையில் 1892இல் தொழிலாளர் சங்கம் முறியடிக்கப்பட்டதும் மெய். ஆயினும் அந்த முதலாளியே கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும்போது, ஊர் நிலம் தரவேண்டும், ஆண்டுதோறும் கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரின் பொதுப்பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். கடல் கடந்தும் போக வேண்டாம். அரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. நூலகம் ஆண்டுதோறும் உண்ண வேண்டிய உயிர். ஒருநாள் விருந்தால் அது வாழாது.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவன சில உண்டு. கொடுக்க விரும்புவோர், எந்த வகுப்புக்கு, எந்த மொழியில், எத்தகைய நூல் என்று பாடசாலையை முதலிற் கேட்கட்டும். தமிழ்ச் சிறுவர் நூல்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருவன. 2022இல் ரூபாய் சரிந்தபோது அவற்றின் விலை நம் பெற்றோரின் கைக்கு எட்டாமற் போயிற்று. ஆகையால் நூறு பழைய நூல்களைக் காட்டிலும் பத்துப் புதிய நூல்கள் உண்மையான உதவி. குப்பையை வாங்க மறுக்கும் துணிவு அதிபர்களுக்கு வரட்டும். பிள்ளை தொட்டுக் கிழிந்த நூலுக்கு ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அச்சமே பல இடங்களில் அலுமாரிக்குப் பூட்டாகிறது. வாசித்துத் தேய்ந்த நூலைச் செலவாக ஏற்கும் முறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிரதேச சபையின் ஆண்டுத் திட்டத்திலும் தோட்டத்து வாசிகசாலைக்கென்று ஓர் அறை, ஒரு நூலகர், நூல் வாங்க ஒரு தொகை எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இவற்றை எவரும் வலிய வந்து தரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மாலை சூட்டி நன்றி சொல்லப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதை விடுத்து, அவர்களுடைய பெற்றோரோடு சபையின் வாயிலில் நாம் நிற்போம். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் எழுதப்படும் முன்பே நிற்போம்.