நெற்றி முடியும் நீளச் சடையும்

காலை நிகழ்ச்சியில் தலைமுடி பற்றிப் பேச்செடுத்தால் போதும், தொலைபேசி ஓயாது. அதிகம் வரும் கேள்வி: "முடியை நீளமா வளர்த்துக்கிட்டு இருக்கேன். முன்னால பேங்ஸ் வெட்டலாமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்க நினைப்பது, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். முடி வேரிலிருந்து வளர்கிறது. நுனியை வெட்டுவதால் வளர்ச்சி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பேங்ஸுக்கு எடுப்பது முன்னுச்சியில் ஒரு சிறு முக்கோணம் மட்டுமே. பின்னால் தொங்கும் சடை அதுபாட்டுக்கு வளரும்.

இரண்டாவது கேள்விக்குத் துணைக்கு ஓர் ஆளை அழைக்கிறேன்: நடிகை சாதனா. 1960-இல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்துக்காக அவரைத் தயார்படுத்தியபோது, நெற்றி அகலமாக இருப்பதாக இயக்குநர் ஆர்.கே. நய்யாருக்குத் தோன்றியது. முடி தொடங்கும் இடத்தில் ஒரு பட்டையை ஒட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் போல முன்முடியை வெட்டிவிட்டார்கள். நெற்றியை மறைக்கச் செய்த வேலை, அவர் பெயரிலேயே 'சாதனா கட்' ஆகிவிட்டது.

அது நம் தோட்டங்கள்வரை வந்தது. கூலாய் பக்கம் வளர்ந்த என் பெரியம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, நெற்றியில் சாதனா கட். சடையில் கை வைக்கக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம். பெரியம்மா அதை மீறவில்லை, முன்னால் இரண்டு அங்குலத்தை மட்டும் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டார். பாட்டிதான் பல நாள் புலம்பினாராம்: "நெத்திய மூடினா திருநீறு எங்க பூசுறது?" பாட்டி பக்கமும் நியாயம் உண்டு. வாணுதல், நன்னுதல் என்று நெற்றியை வைத்தே பெண்ணுக்குப் பெயர் சொன்ன மொழி நம்முடையது.

சென்ற மாதம் பேசிய ஒரு நேயருக்கு 27 வயது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். வீட்டுக் கடனைக் கட்டுவது அவர்தான். நெற்றி முடிக்கு மட்டும் அம்மாவின் அனுமதி வேண்டும். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. அந்த முடிக்கு மொட்டை போட்ட நாளிலிருந்து வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்தவர் அந்த அம்மா. தன் உழைப்பில் ஒரு பங்கு அதில் இருப்பதாக அவர் நினைத்தால், அதை வெறும் அதிகாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அதற்காக, 27 வயதுப் பெண் கேட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டாலும், வெட்டுவதற்கு முதல் நாள் சொல்லிவிடலாம்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஜொகூர் புழுக்கத்தில் பேங்ஸ் பராமரிப்பது லேசான காரியம் இல்லை. காலையில் நேராக்கிய முடி, ஈரக்காற்று பட்டதும் பழைய சுருளுக்குத் திரும்பிவிடும். ஹெல்மெட் போட்டுக் கழற்றினால் நெற்றியோடு ஒட்டிப் படிந்திருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்கள் முன்முடியை விட்டுவிட்டு வையுங்கள். எண்ணெய் நெற்றியில் இறங்கினால் பரு வரலாம். தினமும் தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை. மற்ற முடியைக் கட்டிவிட்டு, முன்முடியை மட்டும் குழாயடியில் அலசினால் போதும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் வளரும். புருவத்தைத் தொட்டு வெட்டியது மூன்று நான்கு வாரத்தில் கண்ணைக் குத்தும், மறுபடி சலூன். பேங்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டால், அது தாடைவரை இறங்கக் குறைந்தது ஒரு வருடம். இடையில் காதுக்குப் பின்னாலும் நிற்காது, சடையிலும் சேராது, கிளிப்தான் கதி.

அதனால் ஒரு வருடத்துக்குள் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பொறுத்திருங்கள். நெற்றிச்சுட்டிக்கு நடுவகிடு வேண்டும். சூரியப்பிறை, சந்திரப்பிறை இரண்டுக்கும் வகிட்டின் இருபுறமும் படிய வாரிய முடி வேண்டும். சடையில் சவுரி வைத்துச் சமாளித்துவிடலாம், முன்னால் அது நடக்காது.

மற்றவர்கள், முதல் தடவை புருவ அளவுக்கு வெட்டச் சொல்லாதீர்கள். நடுவில் பிரித்து, மூக்கு நுனி அளவுக்கு, ஓரங்களில் இன்னும் நீளமாக வெட்டச் சொல்லுங்கள். பிடித்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம். பாட்டி வீட்டுக்கு வரும் நாளில் இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கிளிப் போட்டால், திருநீறு பூச இடம் இருக்கும்.