எது உள்ளே, எது வெளியே?

2020 மார்ச் ஊரடங்கில் தாம்பரம் மெப்ஸ், ஓ.எம்.ஆர். ஆபீஸ் வேலையெல்லாம் சேலையூர், செம்பாக்கம் படுக்கையறைகளுக்குக் குடிவந்தது ஞாபகமிருக்கும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வி.பி.என்.னில் நுழைந்தால் ஆபீஸ் லைன் தாங்காது. அதற்கு வைத்தியம் 'ஸ்ப்ளிட் டனலிங்'. ஆபீஸ் சமாசாரம் மட்டும் சுரங்கத்தில். மற்றதெல்லாம் உங்கள் வீட்டு பிராட்பேண்டில் நேராக வெளியே.

வேகம் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த 'மற்றதை' கம்பெனியின் ஃபயர்வால் பார்ப்பதில்லை. அங்கே ஒட்டிக்கொள்ளும் வைரஸுக்கு அதே லேப்டாப்பில் ஆபீஸுக்கும் வழி உண்டு. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் அப்போதே, டீம்ஸ் போன்ற தெரிந்த முகவரிகளை மட்டும் வெளியே விடுங்கள், மிச்சம் சுரங்கத்திலேயே போகட்டும் என்றது.

'எல்லாத்தையும் சுரங்கத்துல விட்டா போச்சு' என்பவர்களுக்கு: 2024 மே மாதம் வெளியான 'டனல்விஷன்' ஓட்டையில், கூட வைஃபையில் இருக்கும் விஷமி, வி.பி.என். இணைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டு உங்கள் டேட்டாவைத் திசைதிருப்ப முடிந்தது.

ஆகவே லிஸ்ட் போடுவதும் லேப்டாப்புக்குக் காவல் வைப்பதும் கம்பெனியின் வேலை. கதவைத் திறந்துவைத்துவிட்டு 'ஜாக்கிரதை' என்று மெயில் தட்டுவது பாதுகாப்பு இல்லை, கைகழுவல். திங்கட்கிழமை உங்கள் ஐ.டி. மேனேஜரிடம் கேளுங்கள்: 'சார், எது உள்ளே, எது வெளியே? லிஸ்ட் இருக்கா?' முழித்தாரென்றால் கோளாறு உங்கள் வீட்டு மோடத்தில் இல்லை.