முதல் புயல் கோர்ட்டில்!

13 வயசுல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க பாஸ்? நெதர்லாந்துப் பொண்ணு லாரா டெக்கர், பாய்மரப் படகுல தனி ஆளா இங்கிலாந்துக்கே போயிட்டார். மிரண்டுபோன அங்குள்ள அதிகாரிகள், 'அப்பாவைக் கூட்டிட்டு வா'ன்னுட்டாங்க. (நம்ம ஹெச்.ஓ.டி. மாதிரியே!)

அடுத்து, 'தனியா உலகத்தைச் சுத்தப்போறேன்'னு அறிவிச்சதும் அடிச்சதுதான் நிஜப் புயல். 2009-ல் நீதிமன்றம் அவரைக் குழந்தைகள் நலத்துறையின் கண்காணிப்பில் வைத்தது. படிப்பு என்னாகும்? தூங்காம எப்படிச் சமாளிப்பே? அடிபட்டா யார் பார்ப்பா? சும்மா சொல்லக்கூடாது, நியாயமான கேள்விகள்தான். லாரா முறைச்சுக்கிட்டு மட்டும் நிற்கலை. முதலுதவி கத்துக்கிட்டார். தூக்கத்தைக் குறைச்சுப் பழகினார். பெரிய, உறுதியான படகுக்கு மாறினார். 2010 ஜூலையில் கோர்ட் வழிவிட்டது.

2012 ஜனவரி 21. கரீபியன் தீவான சின்ட் மார்ட்டனில் சுற்றை முடிச்சப்போ லாராவுக்கு வயசு 16. கின்னஸ் கண்டுக்கலை. சின்னப் பசங்க உயிரைப் பணயம் வைப்பாங்கன்னு, 'மிக இளையவர்' சாதனையையே இந்த விஷயத்தில் நிறுத்திட்டாங்க.

அம்மணி அதுக்கெல்லாம் காத்திருக்கலை. அதே 'கப்பி' படகுல நியூசிலாந்துக்குக் கிளம்பிட்டார். அவர் பிறந்த நாடு அது. பிறந்ததும் ஒரு படகுலதான்!