நிழல் தரும் நீலம்

மலேசியக் காட்டில் ஓர் அதிசயச் செடி இருக்கிறது. அதன் இலையின் நிறம் பச்சை அல்ல, நீலம். மயில் கழுத்தைப் போல மின்னும் நீலம்!

அதன் பெயர் செலாஜினெல்லா. பார்த்தால் பாசி போல இருக்கும். ஆனால் பாசி அல்ல. இது பூப்பதில்லை, காய்ப்பதில்லை. கிளை நுனியில் சிறு கதிர் விடும். அந்தக் கதிரிலிருந்து தூள் போன்ற வித்துகள் உதிரும்.

இதன் வம்சம் மிகப் பழையது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் உறவு மரங்கள் 100 அடி உயரம் வளர்ந்தன. மண்ணில் புதைந்து நிலக்கரி ஆயின.

நீலம் எப்படி வந்தது?

இலையைக் கசக்கிப் பிழிந்தால் நீலச் சாயம் வராது. இலை நனைந்தால் நீலம் மறையும். காய்ந்தால் திரும்ப வரும். இது என்ன விந்தை?

சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிகிறது அல்லவா? குமிழிக்கு நிறம் கிடையாது. அதன் மெல்லிய தோலில் ஒளி படும்போது வண்ணம் பிறக்கிறது. இந்த இலையின் மேல்தோலிலும் அப்படித்தான். லீ, லௌரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1975-ல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள்.

வெயில் பட்டால்?

மழைக்காட்டின் தரைக்கு, நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளிச்சமே வந்து சேர்கிறது. அந்த நிழலில்தான் நீலம் துலங்கும். மேலே நிற்கும் மரத்தை வெட்டினால் வெயில் இறங்கும். செடி பிழைத்தாலும் நீலம் போய்விடும்.

20-ஆம் நூற்றாண்டில் மலாயாக் காடுகள் பல அழிந்து, ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே பால் வெட்டிப் பிழைத்தன. பின்னர் செம்பனை வந்தது. அந்த உழைப்பாளிகள்மீது குற்றம் இல்லை. பிழைக்கப் போனவர்கள் அவர்கள். ஆனால் காட்டின் நிழல் போனது போனதுதான்.

மரம் வெட்டுகிறவர் பலகைக்கு விலை போடுகிறார். நிழலுக்கு யார் விலை போடுகிறார்கள்? ரப்பர்க் கன்றை நட்டால் சில ஆண்டுகளில் பால் தரும். மழைக்காட்டின் நிழலை அப்படி நட்டு வளர்க்க முடியாது.

மலேசியாவில் தாமன் நெகாரா என்ற பாதுகாக்கப்பட்ட காடு உண்டு. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். நல்ல காரியம்! அதற்கு வெளியே எஞ்சிய காடுகளுக்கும் அந்தக் காவல் வேண்டும். வெட்ட அனுமதி தருமுன், நிழலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.