மழைக்காலத்தில் 'கோல்ட் ஏர் இன்டேக்': காரின் மூக்கு எங்கே இருக்க வேண்டும்?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் எடுத்த முன்னெச்சரிக்கை அது. ஆனால் இதே ஊரில்தான், காரின் காற்றுக்குழாயைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி வைக்கும் மாற்றத்தையும் ஆசையாகச் செய்துகொள்கிறார்கள். பெயர், 'கோல்ட் ஏர் இன்டேக்'.

எதற்காக மாற்றுகிறார்கள்?

குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம் கொண்டது. அதில் ஆக்சிஜனும் கூடுதலாக இருக்கும். அதனால் ஏர் ஃபில்டரை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, பம்பருக்குப் பின்னாலோ சக்கர வளைவுக்குள்ளோ வைக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் வேறு எந்த மாற்றமும் செய்யாத சாதாரண காரில் இதனால் கூடும் சக்தி மிகக் குறைவு. காதுக்குக் கிடைக்கும் அந்த 'கெத்து' சத்தம்தான் பெரும்பாலும் மிச்சம்.

கம்பெனி பொருத்தித் தரும் ஏர் பாக்ஸ், பொதுவாக பானெட்டுக்குச் சற்றுக் கீழே, உயரத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். அந்த உயரம் சும்மா வைத்ததல்ல. தேங்கிய தண்ணீரில் காரைக் காப்பதே அதுதான்.

ஒரு டீ கிளாஸில் பாதிகூட வேண்டாம்

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 300 மி.லி. கம்ப்ரஷன் விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 33 மி.லி.தான். காற்றை அந்த இடத்துக்குள் அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே போக வழியின்றி முட்டி நிற்கும். ஓடும் வேகத்தில் கனெக்டிங் ராட் வளையும். சில நேரம் உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். இதைத்தான் 'ஹைட்ரோலாக்' என்கிறார்கள். டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் இன்னும் அதிகம் என்பதால், மிஞ்சும் இடமும் இன்னும் குறைவு.

உறை போட்டால் போதுமா?

'கவர் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சு சகஜம். ஃபில்டருக்கு மேல் மாட்டும் நீர் விலக்கும் உறை, மழைச்சாரலையும் முன் வண்டி அடிக்கும் தெறிப்பையும் தடுக்கும். ஃபில்டரே மூழ்கிவிட்டால், இன்ஜின் உறிஞ்சும் வேகத்தில் தண்ணீர் அந்த உறையைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இன்னொரு வழி 'பைபாஸ் வால்வ்'. கீழே ஃபில்டர் மூழ்கினால், குழாயின் மேல்பகுதியில் உள்ள இந்த வால்வ் திறந்து அங்கிருந்து காற்றை இழுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் வால்வ் இருக்கும் உயரத்துக்கே தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் உதவாது. டர்போ இன்ஜினுக்கு இது பொருந்துமா என்று கேட்காமல் மாட்டவும் கூடாது.

அதனால் நம்பகமான பாதுகாப்பு ஒன்றுதான்: உயரம். தண்ணீர் தேங்கும் தெருவில் வசிப்பவருக்குத் தாழ்வான இன்டேக் தேவையே இல்லை. ஏற்கெனவே மாட்டியவர்கள், அக்டோபர் பிறக்கும்போதே பழைய ஏர் பாக்ஸைத் திரும்பப் பொருத்திவிடுவது நல்லது. ஆக்சஸரி கடைகளும் இதை விற்கும்போதே சொல்ல வேண்டும். குதிரைசக்தியை மட்டும் சொல்லி விற்பது பாதி உண்மை.

நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால்?

மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தப்பிப் பிழைத்த இன்ஜினை உடைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது முயற்சிதான். வண்டியைத் தள்ளியோ டோ செய்தோ மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். ஆயில் பால் போட்ட காபி நிறத்தில் இருந்தால், அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

வழக்கமான பாலிசியில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனால், 'தொடர்விளைவு இழப்பு' என்று கிளைமை மறுக்க வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் தனியாக இருக்கிறது. ஆனால் இன்டேக் மாற்றியதை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த கிளைமிலும் சிக்கல் வரலாம். மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்து, பதிலையும் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கழற்றிய ஒரிஜினல் ஏர் பாக்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, அதன் இடம் காருக்குள்தான்.