இன்றைக்கு எந்தத் துப்பாக்கி?

டெக்சஸில் வேலை செய்யும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் ஊர்ப் பெற்றோர்கள் அங்குள்ள சாலைகளின் அகலத்தைச் சொல்வார்கள், பேரங்காடிகளின் அளவைச் சொல்வார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். சில கடைகளின் வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதில் 30.06 என்று ஓர் எண் இருக்கும். அந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டப் பிரிவு அது. உரிமம் வைத்திருப்பவரானாலும் மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். பக்கத்திலேயே 30.07 இருந்தால், வெளியே தெரிகிற மாதிரியும் கொண்டுவரக் கூடாது.

அறிவிப்பு ஒட்டாத கடையில் என்ன நிலை என்று யோசித்துப் பாருங்கள். பால் வாங்க வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் மனிதரின் சட்டைக்குள் ஒரு துப்பாக்கி இருக்கலாம். இருப்பது நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கமே.

நமக்கு இது புரியாத உலகம். மலேசியாவில் சாதாரண மனிதர் துப்பாக்கியை அருகில் பார்ப்பது பெரும்பாலும் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் நிற்கும் பாதுகாவலர் கையில்தான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விஷயத்தை நம் அன்றாட வாழ்க்கையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டன. அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் போனது. 1987இல் ஃபுளோரிடா, தகுதி உள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் நியூயார்க்கின் கடுமையான உரிம முறையைச் செல்லாது என்றது. 2024இல் லூசியானாவும் சேர்ந்தபோது, உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. டெக்சஸ் 2021 செப்டம்பரிலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இது சரியா தவறா என்ற வாதத்தை அமெரிக்கர்களே இன்னும் முடிக்கவில்லை. நான் எழுத வந்தது அதற்குள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன விஷயம். தினமும் துப்பாக்கியோடு வெளியே போகிறவருக்குக் காலையில் ஒரு கேள்வி வருகிறது. இன்றைக்கு எதை எடுத்துக்கொள்வது?

நாம் கைக்கடிகாரம் தேர்ந்தெடுப்பதுபோல என்று நினைக்கத் தோன்றும். காரணமும் கிட்டத்தட்ட அதேதான், உடை. ஹியூஸ்டன் வெயில் நம் வெயில் மாதிரியே வியர்க்க வைக்கும். மெல்லிய டீசட்டையும் அரைக்கால் சட்டையும் போட்ட நாளில் பெரிய துப்பாக்கி துணிக்கு மேல் அச்சாகத் தெரியும். அவர்கள் அதை ‘பிரின்டிங்’ என்றே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் தடித்த மேலங்கி போட்டால் எதையும் மறைக்கலாம். அலுவலகத்தில் சட்டையைச் செருகிக்கொண்டால் ஒன்று, கல்யாண விருந்துக்கு இன்னொன்று. பெண்களுக்கு இன்னும் சிரமம். அவர்களின் உடையில் பாதிக்கு இடுப்புப் பட்டையே கிடையாது.

ஆகவே ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. 1988இல் வந்த கிளோக் 19 நடுத்தர அளவு, 15 தோட்டாக்கள், காலியாக இருக்கும்போது சுமார் 600 கிராம். 2008இல் வந்த ருகர் எல்சிபி அதில் பாதி எடைகூட இல்லை, கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். 2012இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட், 2015இல் ஆறு தோட்டா கிளோக் 43. 2018இல் சிக் சாவர் பி365 வந்து எல்லாருடைய கணக்கையும் மாற்றியது. மேகசினுக்குள் தோட்டாக்களை அடுக்கும் விதத்தை மாற்றி, கிட்டத்தட்ட அதே சிறிய உடலுக்குள் பத்துத் தோட்டாக்களை வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே போட்டிக்கு ஹெல்கேட் என்று ஒன்று, பதினொன்றோடு.

இந்தக் குட்டித் துப்பாக்கிகள் பெருகியதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1994இல் அமெரிக்க மத்திய அரசு, பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை விதித்தது. துப்பாக்கி ஆபத்தைக் குறைப்பதற்காக வந்த சட்டம். தயாரிப்பாளர்கள் வேறுவிதமாக யோசித்தார்கள். பத்துதான் என்றால் பெரிய உடல் எதற்கு, சிறியதாகவே செய்துவிடலாமே என்று. கிளோக் 26 என்ற குட்டி 1995இல் வந்துவிட்டது. 2004இல் அந்தத் தடை காலாவதியானது. குட்டிகள் மட்டும் நின்றுவிட்டன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியை மாற்றலாம், கையை மாற்ற முடியாது.

ஜப்பானியக் காடி ஓட்டிப் பழகியவர் ஐரோப்பியக் காடியில் ஏறினால் முதல் சந்திப்பில் என்ன நடக்கும்? சிக்னல் போட நினைப்பார், வைப்பர் ஓடும். மழையில்லாத நாளில் கண்ணாடி துடைப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். எங்கள் வானொலித் துறையிலும் ஒலிக்கலவை மேசையை மாற்றினால் சில நாள்களுக்கு எல்லார் விரலும் பழைய இடத்தில்தான் ஒலிவாங்கியைத் தேடும். அங்கும் போவது அதிகபட்சம் மானம்.

துப்பாக்கியில் இந்த வித்தியாசங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பாதுகாப்புப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 1911 வகையில் கட்டைவிரலால் கீழே தள்ளினால் சுடத் தயார். பெரெட்டா 92இல் அதே பொத்தானைக் கீழே தள்ளினால் பூட்டிவிடும், மேலே தள்ள வேண்டும். வழக்கமான கிளோக்கில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, பாதுகாப்பு விசையிலேயே பொதிந்திருக்கிறது. பிடியின் சாய்வுகூட ஒன்றாக இல்லை. 1911க்குப் பழகிய மணிக்கட்டு கிளோக்கைத் தூக்கினால் குழல் முனை சற்று மேலே பார்க்கும்.

சண்டை நேரத்து வித்தியாசங்கள் இவை. உண்மையில் பலருக்கு அப்படி ஒரு நேரம் வாழ்நாளில் வராமலே போகலாம். எனக்கு அதிகம் உறைத்தது வீட்டுக்குள் நடக்கும் வித்தியாசங்கள். சில மாடல்களில் மேகசினைக் கழற்றிவிட்டால், உள்ளே ஒரு தோட்டா மிச்சமிருந்தாலும் சுடாது. அப்படி ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். வேறு பல மாடல்களில் அந்தத் தடுப்பு இல்லை. மேகசின் வெளியே வந்த பிறகும் குழலின் அடியில் இருக்கும் அந்த ஒரு தோட்டா பாயும். முதல் வகையோடு ஐந்து வருடம் வாழ்ந்தவர் புதிதாக வாங்கிய இரண்டாவது வகையை மேசையில் வைத்து ‘காலிதான்’ என்று நினைக்கிறார். துடைப்பதற்காகப் பிரிக்கும்போது இன்னொன்று. கிளோக்கைப் பிரிக்க முதலில் விசையை இழுக்க வேண்டும், அதன் அமைப்பு அப்படி. பி365இல் ஒரு நெம்பைத் திருப்பினால் போதும், விசையைத் தொடவே வேண்டாம். நெம்புக்குப் பழகியவர் கிளோக்கின் முன் உட்காரும்போது, விசையை இழுப்பதற்கு முன் உள்ளே பார்க்கும் பழக்கம் அவர் கையில் இருக்கிறதா? அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கை தானாக ஒரு வேலையைச் செய்துவிடும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 2021 ஏப்ரல் 11, மினியாபொலிஸ் புறநகரான புரூக்ளின் சென்டர். போக்குவரத்துச் சோதனை ஒன்றில் காவல் அதிகாரி கிம் பாட்டர், ‘டேசர், டேசர்’ என்று கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுட்டார். 20 வயது டான்டே ரைட் இறந்தார். மின் அதிர்ச்சி கொடுக்கும் டேசர் கருவி இடது இடுப்பில், துப்பாக்கி வலது இடுப்பில். டேசர் மஞ்சள் நிறம். பாட்டருக்கு 26 ஆண்டு அனுபவம். மன அழுத்தத்தில் பழக்கமான செயல் புதிய செயலை முந்திக்கொள்ளும் என்று பாதுகாப்புத் தரப்பின் உளவியல் நிபுணர் சாட்சி சொன்னார். நடுவர் குழு அதை மன்னிப்பாக ஏற்கவில்லை. அந்த டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு இரண்டு ஆண்டுச் சிறை. இது இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையிலான குழப்பம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தோடு பயிற்சி பெற்ற கைக்கே இது நடக்கிறது. வார இறுதியில் மட்டும் சுடும் தளத்துக்குப் போகும் கணக்காளரின் கைக்கு என்ன உத்தரவாதம்?

அங்குள்ள பயிற்சியாளர்களில் பலர் இதை அறிந்தவர்கள்தான். ஒன்றைத் தேர்ந்தெடு, அதோடு இரு என்பார்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரே குடும்பத்துக்குள் மாற்று என்பார்கள். கிளோக் 19 வைத்திருப்பவர் 26ஐ எடுத்துக்கொண்டால் விசையின் உணர்வு ஏறக்குறைய அதேதான். பெரியதன் மேகசின் சிறியதிலும் பொருந்தும். பி365இல் விசையும் அதைச் சேர்ந்த உறுப்புகளும் ஒரு சிறு பெட்டகமாகக் கழன்று வரும். சட்டப்படி அதுதான் ‘துப்பாக்கி’, வரிசை எண் அதில்தான் இருக்கிறது. வெளிக்கூட்டை மட்டும் பெரிது சிறிதாக மாற்றிக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்த அறிவுரைக்குக் கடைகளில் மரியாதை குறைவு. ஒரே துப்பாக்கியோடு இருப்பவரிடம் அடுத்த ஆண்டு எதை விற்பது? உறை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக வார்க்கப்படுவது. துப்பாக்கியை மாற்றினால் உறையும் புதிது, மேகசினும் புதிது. பயன்படாத உறைகள் நிறைந்த ஓர் இழுப்பறை எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள். நம் வீட்டில் பழைய கைப்பேசி உறைகள் இருப்பதுபோல. சிறியதாக ஆக ஆக இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எடை குறைந்தால் உதைப்பு கூடும், சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமிருக்காது, குழல் குட்டையானால் குறி பார்ப்பது கடினம். சுடவே வலிக்கும் ஒன்றோடு யார் பயிற்சி செய்வார்? ஆக, எதை அதிகம் எடுத்துச் செல்கிறாரோ அதோடு அவருக்குப் பழக்கம் குறைவு. எனக்கு இதில் மிகவும் நெருடுவது இந்த இடம்தான்.

மாறுவது துப்பாக்கி மட்டுமில்லை, அதை வைக்கும் இடமும். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரம், வால்மார்ட் கடை. 29 வயதுத் தாய் பிள்ளைகளோடு பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பையில் துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்த ஒரு தனி அறை. கணவர் அந்த கிறிஸ்துமஸுக்குத்தான் அதைப் பரிசளித்திருந்தார் என்று செய்திகள் சொல்லின. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் ஜிப்பைத் திறந்துவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். உரிமம் உள்ளவர், துப்பாக்கிக்குப் பழகியவர், விஞ்ஞானி. பை மட்டும் ஒரு வாரத்துப் பழக்கம்.

நம்மில் பலருக்கு அங்கே அண்ணன் இருக்கிறார், தங்கை இருக்கிறாள், வேலை மாற்றலாகிப் போகத் தயாராகும் மகனோ மருமகளோ இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போவார்கள். அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளையை அனுப்புமுன், ‘உங்கள் வீட்டில் பூட்டாமல் வைத்த துப்பாக்கி இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுங்கள் என்கிறார்கள். நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, கடலை ஒவ்வாமை உண்டு என்று பேசும் அதே மூச்சில். அங்கே அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஆள்களுக்குத்தான் வாய் வராது. முதன்முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டவரிடம் இதைக் கேட்பதா என்று தயங்குவோம்.

கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். பலர் இடுப்பில் இருப்பதைப் பற்றி மட்டும் பதில் சொல்வார்கள், இரவில் பூட்டிவிடுவேன் என்று. இந்தப் பருவத்துக்கு எடுக்காமல் இழுப்பறையில் உறைகளோடு கிடக்கும் அந்த மற்றொன்று எங்கே?