அவர் பெயர் என்ன?



நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மா பால் மரம் சீவும் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். வாளியையும் காண்டாக் கம்பையும் கழுவிக் காய வைப்பார். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார். "வருசம் பூரா நமக்குச் சோறு போடுது. ஒரு நாளாவது அது சும்மா கிடக்கட்டும்" என்பார்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ஆனால் வழக்கம் போகவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் இன்றும் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறார்கள். லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். மெச்சத்தக்க பழக்கம்தான். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். கத்திக்கு நன்றி சொன்னோம். கத்தியைப் பிடித்த கைக்கு யார் நன்றி சொன்னார்கள்?

அம்மா ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மரம் சீவினார். காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டதெல்லாம், ஆள் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரே ஒரு முறை ஒரு கிராணி, "உன் நிரையில் பட்டையில் காயமே இல்லையம்மா, சுத்தமான வேலை" என்றாராம். இந்தக் கதையை அம்மா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. முப்பது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த ஒரு வரி அது!

இதை நான் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு.

கடந்த தீபாவளிக்கு என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். முறுக்கும் கோப்பியும் வைத்தேன். பேச்சு வாக்கில் மனக்குறையைக் கொட்டினார்.

"பதினொரு வருசமா அங்க இருக்கேன் டீச்சர். ஆள் பத்தலைன்னா பெருநாள்னு பார்க்காம ராத்திரி வேலைக்குப் போயிருக்கேன். போன மாசம் மேனேஜர் என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே, 'அந்த மூணாவது லைன் ஆளு'ன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்றாரு. என் பேரு அவருக்குத் தெரியல. சம்பளம் கூட்டலைன்னாக்கூடப் பொறுத்துக்கலாம். பேருகூடவா தெரியாது?"

கேட்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பேச்சு அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பக்கம் திரும்பியது. ஒன்பது பேர், வங்காளதேசத்தினரும் நேப்பாளத்தினரும். "அதுல ஒரு பங்களாப் பையன் இருக்கான். ரொம்பக் கெட்டிக்காரன் டீச்சர். மிஷின் சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவான்" என்றார்.

"அப்படியா தம்பி? அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

வாய்க்குக் கொண்டுபோன முறுக்கு பாதி வழியில் நின்றது. "தெரியாது டீச்சர். பங்களான்னுதான் கூப்பிடுவோம்."

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வாசகர்களே, நம் தாத்தா பாட்டிகள் இந்த நாட்டுக்கு வந்தது எப்படி? கங்காணியை நம்பிக் கப்பலேறி, மொழி தெரியாத ஊரில் இறங்கி, லயத்தில் குடியேறினார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று எழுதுகிறவர் காதில் விழுந்தபடியெல்லாம் நம் பெயர்கள் சிதைந்த கதை எந்தக் குடும்பத்தில் இல்லை? இன்று அதே நிலையில் விமானத்தில் வந்து இறங்குகிறவர்தான் அந்தப் பங்களாப் பையன்.

1941ஆம் ஆண்டு நடந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளர் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்!

கூலி போதாமல் வயிறு காய்ந்த நேரத்தில் இந்தச் சைக்கிள் விஷயம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கூலி வயிற்றுக்கு, மரியாதை நெஞ்சுக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள் அந்தப் பாட்டாளிகள். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பறிபோயின.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கச் சென்னை தியாகராய நகருக்குப் போய் வந்த வாசகர்கள் இருப்பீர்கள். அங்கே பெரிய துணிக்கடைகளில் சேலை விரித்துக் காட்டும் பெண் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றபடியே இருப்பார்கள். 2018இல் கேரளாவும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று விதித்தன. அன்று சைக்கிளைவிட்டு இறங்காமல் இருக்கப் போராட்டம்; எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாற்காலிக்குச் சட்டம். நன்றியும் மரியாதையும் தாமாக வராத இடத்துக்குச் சட்டம்தான் வர வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 2023 சனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. இவற்றை முறையாகக் கொடுக்காமல், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி ஒரு நாள் பிரியாணி போடும் முதலாளியின் பாராட்டு வெறும் வாய்ப்பந்தல். சேர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாகப் புகழ்மொழியை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஆனால் சம்பளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? அம்மாவுக்கும் சம்பளம் வந்தது. அவர் கடைசிவரை நினைவில் வைத்திருந்தது அந்த ஒரு வரியை அல்லவா?

நம்மில் பலர் இன்று வெறும் தொழிலாளிகள் அல்லர். 1970களில் பாசிர் கூடாங்கைத் தொழில் நகராக்கும் வேலை தொடங்கியது. 1977இல் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2020இல் ஊராட்சி மன்றம் மாநகராட்சியாக உயர்ந்தது. இந்த வளர்ச்சியோடு தோட்டத்துப் பிள்ளைகளும் மண்டோராக, மேற்பார்வையாளராக, சொந்தத்தில் லாரி ஓட்டும் குத்தகையாளராக, கடை வைத்தவராக உயர்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் கீழே இருந்தாலும் நீங்களும் ஒரு முதலாளிதான். உங்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். வாயில் நுழையாவிட்டால் அவரையே இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "நல்ல வேலை" என்பது காற்றோடு போய்விடும். "நேற்று மழையில் நீ தார்ப்பாய் போட்டதால் சரக்கு நனையவில்லை" என்பது நிற்கும். கிராணி 'பட்டையில் காயமில்லை' என்று சொன்னதால்தான் அம்மாவின் மனத்தில் அது தங்கியது.

மூன்றாவது, பாராட்டை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். கண்டிப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

நான்காவது, அவர் செய்த வேலையின் பெருமையை மேலிடத்தில் அவர் பெயராலேயே சொல்லுங்கள். கீழே இருப்பவர் கண்டுபிடித்த கோளாறை மேலே இருப்பவர் தன் கணக்கில் எழுதிக்கொள்வது திருட்டுக்குச் சமம்.

ஐந்தாவது, குறை சொல்ல இடம் கொடுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் நம் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கி விழுந்ததையும், இந்த வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. இரசாயனத்தோடு வாழும் ஊர் இது. இங்கே ஒரு தொழிலாளி, "ஏதோ வாடை வருது", "இந்த வால்வு சரியில்ல" என்று சொன்னால், "உன் வேலையைப் பார்" என்று அதட்டுவது அவருக்கு மட்டுமா ஆபத்து? ஒரு முறை அதட்டு வாங்கியவர் மறுமுறை வாய் திறக்க மாட்டார். நன்றியோடு கேட்கும் காது ஊரையே காப்பாற்றும்.

திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்தபடியாகவே செய்ந்நன்றி அறிதலை வைத்தார். இனிய சொல்லும் நன்றியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன்.

இவ்வளவு உபதேசம் செய்யும் ஆசிரியையின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினத்தில் எங்களுக்குப் பிள்ளைகள் பூவும், பேனாவும், பத்திரிகைத் தாளில் சுற்றிய சோப்பும் கொண்டு வந்து தருகிறார்கள். நெஞ்சு நிறைந்துவிடும். அந்தத் தாள்களையெல்லாம் மறுநாள் கூட்டிப் பெருக்குகிற அம்மாளை நான் நான்கு ஆண்டுகளாக 'அக்கா' என்றே கூப்பிட்டு வந்தேன். மரியாதையான சொல்தான். ஆனால் மாணவர் வந்துபோன அன்று இரவு படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது! பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அவரிடம் போய்க் கேட்டேன். "எதுக்கு டீச்சர், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?" என்று பதறினார். பெயரைக் கேட்டாலே பயப்படும்படி ஒருவரைப் பழக்கி வைத்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

பொங்கலுக்கு அந்த மாணவர் மறுபடி வந்தார். ஒன்பது பெயர்களையும் விரல் விட்டுச் சொல்லிக் காட்டினார். நேப்பாளப் பெயர்கள் இரண்டைத் திரும்பச் சொல்வதற்குள் என் நாக்கு சுளுக்கிக்கொண்டது. மிஷின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கும் அந்த இளைஞரின் பெயரை மேனேஜருக்குக் கொடுக்கும் அறிக்கையில் எழுதியிருக்கிறாராம்.

"உங்க பேரு மேனேஜருக்குத் தெரிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல டீச்சர்" என்று சிரித்தார். "ஆனா என் லைன்ல எல்லாருக்கும் தெரியும்."

வாசகர்களே, இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும், உங்களுக்காகத் தினமும் வேலை செய்யும் ஒருவரின் பெயரை நினைத்துப் பாருங்கள். தெரியாவிட்டால் நாளைக் காலை பசியாறும் நேரத்தில் போய்க் கேளுங்கள். அவர் பயப்படாதபடி சிரித்துக்கொண்டே கேளுங்கள்.